சங்கிலிமேல் ஓர் ஈரச் சாக்கு

வாலிநோக்கத்துக்கு மேற்கே
உப்பளம் முடிந்து மண் பழுப்பாகும் இடத்தில்
நாலு ஏக்கரில் நூற்றுப் பதினேழு தூர்.
கருவையின் மேல்பாகம் எப்போதோ
மூட்டத்தில் வெந்து கரியாகி லாரி ஏறிவிட்டது.
கீழே இருப்பதுதான் மரம்.
ஒரு முழத்துக்கு மேலே அறுத்துவிட்டுப் போனால்
ஐப்பசியில் எட்டுக் கிளையாய் வந்து சிரிக்கும்.

டிராக்டர் சேகனாவுடையது, டீசலும் அவர் கணக்கு.
கடப்பாரையும் கோடாரியும் என்னுடையவை.
சங்கிலி மாட்டுவதும் நான்தான்.
இருளாயி என்று கூப்பிட்டால்
எஞ்சின் இரைச்சலில் எனக்கே கேட்காது,
அதனால் கையால்தான் பேச்சு.
கை விரிந்தால் ஊர்ந்து போ.
மடங்கினால் நில்.
வேறு யார் கை அசைந்தாலும் அவர் பார்க்கக் கூடாது.
நிலத்துக்காரர் பால்பாண்டி வரப்பில் நின்று
இழு இழு என்று வீசுவது
ஈ ஓட்டுகிற கை.

முதலில் சுற்றித் தோண்டணும்.
மேலே மாவு மாதிரி மணல், அப்புறம் சிப்பித் தூள்,
அதற்கும் கீழே கடல் மறந்துவிட்டுப் போன களி.
பக்கவேர்கள் ஒவ்வொன்றாய்த் தலைகாட்டும்.
மண்ணோடு வெட்டினால் கோடாரி வாய் போய்விடும்.
தண்ணீர் ஊற்றி, துடைத்து,
பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளை முகம் மாதிரி ஆக்கி
அப்புறம் வெட்டு.

கொக்கி கீழே. எப்போதும் கீழே.
அச்சுக்குக் கீழே தொங்கும் இழுவைக் கம்பியில்.
மேலே மாட்டினால் தூர் எழாது,
டிராக்டர் எழும்.
முன்சக்கரம் இரண்டும் வானம் பார்க்கும்.
ஐயோ என்பதில் ஐ சொல்லத்தான் நேரம்.
சிக்கல் பக்கம் ஒருவருக்கு அப்படி ஆயிற்று.
அந்த வண்டியைத்தான் சேகனா
பாதி விலைக்கு வாங்கினார்.
ஸ்டியரிங் இன்னும் கொஞ்சம் கோணல்.

சங்கிலியின் நடுவில் ஈரச் சாக்கைப் போர்த்தியதும்
சங்கிலிக்குக் குளிருதாக்கும் என்றார் பால்பாண்டி.
நான் பதில் சொல்லவில்லை.
சங்கிலி நீளத்துக்கு இரண்டு மடங்கு தள்ளி
பக்கவாட்டில் நிற்கச் சொன்னேன்.
முறைத்துக்கொண்டே போனார்.

எழுபத்திரண்டாவது தூர்.
பக்கவேர் எல்லாம் அறுத்தாயிற்று, ஆணிவேர் மட்டும்.
முதல் கியர். சங்கிலி புரண்டது, நிமிர்ந்தது,
மெல்ல முனக ஆரம்பித்தது.
சங்கிலி முனகினால் இழுத்தது போதும் என்று அர்த்தம்.
கையை மடக்கினேன்,
பாதி மடங்குவதற்குள்
கண்ணி அறுந்தது.

சாக்கு எகிறி அரைவட்டம் அடித்து விழுந்தது.
உள்ளே இரும்பு
கரையில் போட்ட திருக்கை மாதிரி
ஒருதரம் துடித்து அடங்கியது.
பால்பாண்டியின் ஈ ஓட்டுகிற கை
சட்டைப் பைக்குள் போயிருந்தது.

சேகனா எஞ்சினை நிறுத்தி இறங்கி வந்தார்.
அறுந்த கண்ணியைக் கைலியில் துடைத்துப் பார்த்தார்.
வெளியே இரும்பு, உள்ளே பிட்டு.
உப்புக்காத்து, என்றார். அவ்வளவுதான்.

தினமும் சாயங்காலம்
அறுபது கண்ணியையும் விரலால் தடவிப் பார்ப்பது என் வேலை.
நேற்று தடவவில்லை.
மகளின் பரீட்சைப் பணம், அஞ்சு மணி பஸ்.
அவரிடம் சொல்லவில்லை.
இங்கேதான் சொல்கிறேன்.

அந்தத் தூரை அப்புறம் கையாலேயே எடுத்தோம்.
அவர் கடப்பாரையை நெம்பிப் பிடிக்க
நான் குழிக்குள் குந்தி ஆணிவேரை வெட்டினேன்.
மூணு மணி ஆயிற்று.
கன்றுக்குட்டி கனம்.
உருட்டிவிட்டுக் குழியை மூடினேன்,
திறந்து கிடந்தால் ராத்திரி யார் ஆடாவது விழும்.

நாற்பத்தைந்து பாக்கி.
நாளை ராமநாதபுரம் போய்ப் புதுச் சங்கிலி,
அதனால் நாளைக் கூலி இல்லை.
சாக்கை மட்டும் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவந்தேன்.
கிழிந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தேன்.
மூன்று விரல் போனது.